சமைஞ்சாச்சா?

அந்த ஜன்னல் கண்ணாடிய இன்னுங் கொஞ்சம் தள்ளு தாயி, காத்து வரட்டும். தூசி வந்தா வரட்டும், மூஞ்சியக் கழுவிக்கிட்டாப் போச்சு. எனக்குக் காத்து இல்லன்னா இந்தா, இங்கன நெஞ்சுல பிடிச்சு உச்சந்தல வரைக்கும் திகுதிகுன்னு ஏறும். கழுத்தப் பாரு, எப்படி நனைஞ்சிருக்கு. மார்கழி மாசத்துல யாருக்காவது இப்படி வேர்க்குமா? கண்டக்டர்ட்ட பேன் போடச் சொன்னா, டிரைவருக்கு மட்டுந்தான் பேன் இருக்காம். ஏன், டிக்கெட் எடுத்தவ மனுசி இல்லியா? நான் ஒண்ணும் அவன்ட்ட கத்தல. என் தொண்டையே அப்படி. வீட்ல ப்ளவுஸ் தைக்கேன், மெஷின் சத்தத்துக்கு மேல பேசிப் பேசிப் பழகிப்போச்சு.

நீ எங்க எறங்குத? சங்கரன்கோவிலா? நானும் அங்கதான். கோவில்பட்டிக்கு எதுக்கு வந்த? உம் பேச்சு இந்தப் பக்கத்துப் பேச்சு மாதிரி இல்லியே. திருவண்ணாமலையா! அம்மாடி, அம்புட்டுத் தூரத்துல இருந்து வந்து இங்க பேங்க்ல வேலை பாக்கியா? தனியாவா இருக்க? சாப்பாடு? மெஸ்ஸுல திங்கியா. ம்ம். காதுல அத மாட்டப் போறியா? மாட்டிக்கோ, மாட்டிக்கோ. நான் ஒண்ணும் சொல்லல.

இதா? இது உளுந்தங்களி. எம்பொண்ணு கனிஷ்காவுக்குக் கொண்டு போறேன். எட்டாவது படிக்கா. லீவுக்கு அவ அத்தை வீட்டுக்கு வந்திருக்கா, நாளைக்குப் பள்ளிக்கூடம் தொறக்கு, கூப்பிடப் போறேன். கல்யாணமாகிப் பதினோரு வருசம் கழிச்சுப் பெறந்தவ. எத்தனை கோயில், எத்தனை ஆஸ்பத்திரி! வயித்துல அவ தங்கினப்போ, நிக்கக் கூடாது நடக்கக் கூடாதுன்னு சொல்லுவாகல்லா, அப்படி என்னப் படுக்க வச்சே வச்சிருந்தாக. அம்புட்டு அருமை. அவ இன்னிக்கு என்னக் கண்டாப் பேச மாட்டேங்கா. சொல்லுதேன் கேளு.

எனக்கு நின்னு போச்சு தாயி. புரியுதா? மாசாமாசம் வரது. போன வருசம் ஆடியோட நின்னுச்சு. என்ன, மெதுவாப் பேசணுமா? யார் கேக்கப் போறா? முன்னால இருக்கவரு தூங்குதாரு. கேட்டாத்தான் என்ன, அவரு வீட்லயும் பொம்பளை இருக்கும்லா.

ஆனா வீட்ல நான் யார்ட்டயும் சொல்லல. எங்க வீட்டுக்காரர்ட்ட என்னன்னு சொல்ல? மில்லுல ஷிப்ட் முடிச்சு வருவாக, சாப்பிடுவாக, செல்போனப் பாப்பாக. எனக்கோ பேன் முழு வேகத்துல ஓடணும், ஜன்னல் தொறந்து கெடக்கணும். அவுகளுக்குக் குளுருமாம். போர்வையத் தூக்கிட்டு ஹாலுக்குப் போயிட்டாக. பெறவு பிள்ளையும், அம்மா புரண்டுக்கிட்டே இருக்கு, தூக்கம் வரலன்னு தலகாணியத் தூக்கிட்டுப் போயிட்டா. போகட்டும். அந்தக் கட்டில்ல நான் குறுக்கப் படுத்தாலும் கேக்க ஆளில்ல. நிம்மதிதான். நிம்மதின்னுதான் சொல்லணும்.

டாக்டரம்மாட்ட நானேதான் போனேன். ரொம்ப நல்லவுக. "செண்பகவல்லி, இது சீக்கு இல்ல. உடம்புல ஹார்மோன் குறையும்போது இந்த வேக்காடு, எரிச்சல், தூக்கம் வராதது எல்லாம் இருக்கும். எலும்பும் பலம் குறையும். சாப்பாட்டக் கொஞ்சம் கவனிங்க. உளுந்து, எள்ளு, கேவரு, கீரை, பயறுன்னு சேத்துக்கிடுங்க. காப்பியக் குறைங்க, நடங்க. சாப்பாடு மட்டுமே எல்லாத்தையும் சரி பண்ணிரும்னு நினைக்காதீங்க, முடியலன்னா வாங்க, மருந்து பாக்கலாம்"னாக. அம்புட்டு நேரம் ஒருத்தர் என் மூஞ்சியப் பாத்துப் பேசி எத்தனை நாளாச்சு தெரியுமா? "வீட்ல செஞ்சு குடுக்க ஆள் இருக்கா"ன்னு கேட்டாக. "ஓ, எம்பொண்ணு இருக்காளே"ன்னேன். வெளிய வந்து ஆஸ்பத்திரி படியில நின்னு அழுதுட்டேன். எதுக்கு அழுதேன்னு கேக்காத, எனக்கே தெரியாது.

மொதல்ல ஆளிவிதை வாங்கினேன். செல்போன்ல பாத்தேன், நம்ம வயசுப் பொம்பளைகளுக்கு நல்லதுன்னு. வறுத்துப் பொடிச்சு இட்லிப் பொடியில கலந்து வச்சேன். பிள்ளை ஒரு வாய் தின்னுட்டு, "அம்மா, மீன் வாடை அடிக்கு"ன்னா. சோயாப் பாலு வாங்கி எங்க வீட்டுக்காரர் காப்பியிலயும் சேத்து ஊத்தினேன். ஒரு மடக்குக் குடிச்சுட்டு டம்ளர அப்படியே வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டாக. எனக்கு வந்துச்சு பாரு ஆத்திரம்! ஒருத்தி உடம்புக்கு ஆகணும்னு இந்தக் கண்றாவியெல்லாம் திங்கா, கூட உக்காந்து ஒரு வாய் திங்க இந்த வீட்ல நாதியில்லியான்னு கேட்டேன். அவுக எதுக்குன்னு தெரியாமலே முழிச்சாக. என் உடம்புக்கு என்னன்னு நான் சொல்லணுமாக்கும்? பாத்தாத் தெரியாது? அன்னிக்குத் தட்டு கீழ விழுந்துச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் சொல்லிக் காட்டுதாக. அது தானா விழுந்தது.

கடைசியில உளுந்தங்களிக்கு வந்துட்டேன். நம்ம நாக்குக்குப் பழகினது. உங்க பக்கம் உண்டா இது? எங்க பக்கம் ஒரு பிள்ளை பெரிய மனுசி ஆயிட்டான்னா மொதல்ல இதத்தான் குடுப்பாக. தொலி உளுந்த வறுத்துத் திரிச்சு, கருப்பட்டிப் பாகுல போட்டு, நல்லெண்ணெய ஊத்தி ஊத்திக் கிண்டணும். கரண்டியில ஒட்டாம உருண்டு வரணும். கை கடுத்துப் போகும். அக்கம்பக்கத்துப் பொம்பளைக பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொண்டாருவாக, மாமன் வீட்டுல இருந்து உளுந்து வரும். வரதுக்கும் உளுந்து, போறதுக்கும் உளுந்து, பாத்தியா. ஆனா வரும்போது கிண்டிக் குடுக்கத் தெருவே வந்து நிக்கும். போகும்போது நம்மளேதான் கிண்டிக்கிடணும். கிண்டினேன்.

அன்னிக்குன்னு பிள்ளை வயித்த வலிக்குன்னு பள்ளிக்கூடம் போகல. சுருண்டு படுத்திருந்தா. ஓமத் தண்ணி போட்டுக் குடுத்தேன், கடையில கண்டத வாங்கித் திங்காதன்னு நாலு வார்த்தை வஞ்சேன். பெறவு அடுப்படியில பாகு கொதிக்கு, மிக்ஸி ஓடுது. எண்ணெயும் கருப்பட்டியுமா வாசம் தெருவத் தூக்குது. பக்கத்து வீட்டு ஜோதிமணி காம்பவுண்டுச் செவருக்கு மேல எட்டிப் பாத்து, "என்னக்கா, பிள்ளைக்குச் சமைச்சாச்சா?"ன்னு கேட்டா.

"ஆமா, விடியக்காலமே ஆச்சு"ன்னேன்.

"அய்யோ, சொல்லவே இல்லியேக்கா!"

"இதையெல்லாம் ஊர் பூராம் சொல்லிக்கிட்டா இருப்பாக?"

"அது சரி, நாங்க என்ன அசலா?"ன்னு கேட்டுட்டு விறுவிறுன்னு உள்ள போயிட்டா. இவ என்ன, சோறு பொங்கினதுக்கெல்லாம் சந்தோசப்படுதான்னு நான் மிக்ஸியத் திரும்பப் போட்டேன்.

அவ கேட்டது வேற தாயி. "பிள்ளை சமைஞ்சாச்சா"ன்னு கேட்டிருக்கா. உங்க பக்கமும் சமைஞ்சான்னா வயசுக்கு வந்துட்டான்னுதானே அர்த்தம்? அப்பச் சரி. மிக்ஸி போட்ட இரைச்சல்ல எனக்குச் சமைச்சாச்சான்னு விழுந்திருக்கு. சிரி, சிரி. நானும் சிரிச்சேன், அப்போ.

மத்தியானம் கதவத் தட்டுதாக. தொறந்தா நாலஞ்சு பொம்பளைக நிக்காக, கையில தட்டு. முட்டை, நல்லெண்ணெய், சீனி, வாழைப்பழம், கண்ணாடி வளையல். நாங்க இருக்கது புது நகரு. பால் காச்சின நாளைக்குப் பெறவு அம்புட்டுப் பேரு ஒண்ணா எங்க வீட்டுக்கு வந்ததே இல்ல. ப்ளவுஸ் வாங்க வாரவ கூட வாசலோட வாங்கிட்டுப் போயிருவா. எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நினைக்க? வாங்க வாங்கன்னு பாய விரிச்சேன்.

உன்ட்ட சொல்லுததுக்கு என்ன. ஆஸ்பத்திரியில இருக்க நர்ஸ் பொண்ணு எங்க தெருக்கோடிதான். அவ சொல்லித்தான் எனக்கு நின்னுபோச்சுன்னு தெரிஞ்சு என்னப் பாக்க வந்திருக்காகன்னு நினைச்சுட்டேன். நெசமாத்தான். எனக்காகத்தான் முட்டையும் எண்ணெயும் கொண்டாந்திருக்காகன்னு நினைச்சு, சீலையச் சரி பண்ணிக்கிட்டு நடுவுல உக்காந்துட்டேன். உடம்பு எப்படி இருக்குன்னு கேப்பாகன்னு பாத்துக்கிட்டே இருக்கேன். ஜோதிமணி என் தலைக்கு மேல எட்டி எட்டிப் பாக்கா.

"பிள்ளை எங்கக்கா? எந்த ரூம்ல உக்கார வச்சிருக்கீக?"

அப்பந்தான் எனக்கு விளங்குச்சு. விளங்கினதும் சிரிச்சேன் பாரு, கண்ணுல தண்ணி வந்துட்டு. "ஏ கூறு கெட்டவளே, அவ சமையவே இல்ல, நான்தான் சமைச்சேன். எனக்கு நின்னு போச்சுன்னு டாக்டரம்மா திங்கச் சொன்னாக"ன்னு போட்டு ஒடைச்சேன். வீட்டுக்காரர்ட்டயே சொல்லாதத அத்தனை பேரு முன்னால சொல்லிட்டேன். எல்லாரும் சிரிச்சாக. அந்த ஒரு நிமிசம் வீடு வீடா இருந்துச்சு.

ரூம் கதவு தொறந்துச்சு. பிள்ளை வந்து நிக்கா. மூஞ்சி வீங்கிக் கெடக்கு. தட்டப் பாக்கா, முட்டையப் பாக்கா, இவுகளப் பாக்கா.

"அப்பா சொல்லிட்டாரா?"ன்னு கேட்டா.

"அப்பாவ நம்பித்தானே சொன்னேன், அவரும் சொல்லிட்டாரா?"ன்னு கேட்டுட்டு அங்கனயே உக்காந்து அழுதா. நான் சிரிச்ச வாய மூடல இன்னும். அவ அழுகுதா.

ஆவணியிலயே சமைஞ்சுட்டாளாம். அஞ்சு மாசம். எனக்குத் தெரியாது. அவுகளுக்குத் தெரியும். சங்கரன்கோவில்ல அவுக தங்கச்சிக்குத் தெரியும். தங்கச்சிட்ட போன்ல கேட்டுக் கேட்டுத்தான் அவுக நாப்கின் வாங்கிக் குடுத்திருக்காக. பெத்தவளுக்குத் தெரியாது. வந்த பொம்பளைக ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்தாக. ஜோதிமணி மட்டும், "எப்படியோ நல்ல காரியந்தானக்கா"ன்னு தட்டக் கீழ வச்சா. ஒவ்வொருத்தரா எந்திரிச்சுப் போயிட்டாக. நான் பிள்ளைய அடிக்கல, கையத் தொட்டுச் சொல்லுதேன். ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டேன், "ஏட்டி, நான் என்ன செத்தா போயிட்டேன்?"னு. தெரு முக்கு வரைக்கும் கேட்டுச்சுன்னு சொல்லுதாக. கேக்கட்டுமே.

அவுக வந்ததும் பிடிச்சேன். மனுசன் சட்டையக் கூடக் கழத்தாம நிக்காக. "மொத மாசம் உன் பீரோவுல கெடந்த பாக்கெட்ட எடுத்திருக்கா. மறு மாசம் அது தீந்துபோச்சு, வேற இல்ல. எங்கிட்ட வந்து நின்னா. நான் என்ன செய்ய?"ன்னாக. என் பாக்கெட்டு தாயி! எனக்கு நின்னபோது மிச்சம் கெடந்தது. நான் நின்னுபோச்சேன்னு புதுசு வாங்கல. நான் வாங்கியிருந்தா அவ அப்பாட்டயே போயிருக்க மாட்டா, எப்பவாவது ஒரு நாள் எனக்குத் தெரிஞ்சிருக்கும். எம் பொருளத் தேடி எடுக்கத் தெரிஞ்சவளுக்கு எங்கிட்ட வரத் தெரியல பாத்தியா.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"ன்னு அவுகட்ட கேட்டேன். "சொல்லலாம்னு ரெண்டு தடவை அடுப்படிக்கு வந்தேன். நீ..."ன்னாக. "நான் என்ன? நான் என்ன?"ன்னேன். "ஒண்ணுமில்ல"ன்னுட்டு சட்டையக் கழத்தப் போயிட்டாக. ஆம்பளைகளுக்கு ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியுதா பாரு.

நானும் எல்லாத்தையும் யோசிச்சுப் பாத்துட்டேன், எங்கிட்ட ஒரு குறையுமில்ல. அவ சமைஞ்சா எப்படிச் செய்யணும்னு அவ பால்வாடி போறப்பவே முடிவு பண்ணினவ நான். மண்டபம் பிடிக்கணும், மைக் செட்டு கட்டணும், பஸ் ஸ்டாண்டுல ப்ளக்ஸ் வைக்கணும். போன வருசம் அவ கூடப் படிக்கவளுக்கு ப்ளக்ஸ் வச்சாக. பயலுக அந்தப் படத்தப் போன்ல எடுத்து ஆளாளுக்கு அனுப்பிக் கேலி பண்ணினானுகளாம், அந்தப் பிள்ளை ஒரு வாரம் பள்ளிக்கூடம் வரலியாம். இவ எங்கிட்ட வந்து, "அம்மா, எனக்கு அப்படியெல்லாம் வச்சிராத"ன்னா. "ஏன் வைக்காம? ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சடங்குப் ப்ளவுஸ் தச்சுக் குடுக்கவ, எம்பிள்ளைக்கு வைக்காம இருப்பனா? மாடி உசரத்துக்கு வைப்பேன்"னேன். அன்னிக்கு அவ மூஞ்சி போன போக்கப் பாத்து, பிள்ளை வெக்கப்படுதான்னு நினைச்சேன். ஆசையாச் சொன்னது தப்பா? அதுக்காக மறைப்பாளா?

பள்ளிக்கூடத்துச் சுடிதாரக் கூட இந்த வருசம் நான் தைக்க வேண்டாம், கடையில வாங்கிக்கிடுதேன்னுட்டா. "அளவெடுக்கும்போது நீ ஏதாவது சொல்லுவ"ன்னா. நான் என்ன சொல்லுவேன்? சதை போட்டிருக்கட்டின்னு சொல்லியிருப்பேன். பெத்தவ சொல்லாம வேற யார் சொல்லுவா?

அவளுக்கு வந்தது எனக்குத் தெரியாது, எனக்கு நின்னது அவளுக்குத் தெரியாது. ஒரே வீடு, ஒரே பாத்ரூம்.

அந்தக் களிய ஒருத்தரும் தொடல. நான்தான் தின்னேன். தொண்டையில அடைக்கும், தண்ணியக் குடிச்சுக் குடிச்சுத் தின்னேன், டாக்டரம்மா சொன்னாகளேன்னு. பரிச்சை முடிஞ்ச அன்னிக்கே அவ அப்பா வண்டியில ஏறி இங்க அத்தை வீட்டுக்கு வந்துட்டா. வீட்ல மெஷின் சத்தம் மட்டுந்தான். துணி இல்லாதப்பவும் சும்மா போட்டு மிதிச்சுக்கிட்டிருப்பேன்.

அந்தா, கழுகுமலை தாண்டிட்டோம். இன்னுங் கொஞ்ச தூரந்தான். யோவ் கண்டக்டரே, டவுன் ஸ்டாப்புல நிப்பாட்டச் சொல்லும்! போன தடவை மாதிரி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் இழுத்துட்டுப் போயிராதேயும்! பாத்தியா, எப்படி முறைக்கான். நல்லதனமாச் சொன்னாலே இவனுகளுக்குக் கோவம் வருது.

நேத்து நாத்தனாருக்குப் போன் போட்டேன், நாளைக்கு வந்து பிள்ளையக் கூப்பிட்டுக்கிடுதேன்னு. பின்னால இருந்து அவ சொல்லுதது கேட்டுச்சு. "அப்பா வரட்டும் அத்தை. அம்மா வந்தா நான் வரல." நாத்தனாரு போனக் கையால பொத்தினாக. பொத்தினாலும் கேக்கத்தானே செய்யுது. "அவ ஏதோ டிவியப் பாத்துப் பேசுதா மதினி"ன்னு சமாளிச்சாக. நல்ல பொம்பளை. கடைசியில, எங்க வீட்டுக்காரரே இன்னிக்குப் பகல் ஷிப்ட்டு முடிச்சு, சாயந்திரம் வந்து கூப்பிடுவாகன்னு முடிவாச்சு. நான் கெளம்பி வந்தது அவுகளுக்கும் தெரியாது, இங்கயும் தெரியாது. காலைல எந்திரிச்சுக் களியக் கிண்டினேன், இந்த டப்பாவுல எடுத்துக்கிட்டேன், பஸ் ஏறிட்டேன். இந்தத் தடவை கருப்பட்டி கூடப் போட்டிருக்கேன், அவளுக்கு இனிப்புத் தூக்கலா இருக்கணும்.

நீ சொல்லு. உனக்கு வந்தப்போ மொதல்ல யார்ட்ட சொன்ன?

அம்மாட்டயா.

ம்ம். அம்மா என்ன சொன்னாக?

ஒண்ணும் சொல்லலியா? பக்கத்துல உக்காந்திருந்தாகளா? சும்மாவா? தலையத் தடவிக் குடுத்துக்கிட்டே உக்காந்திருந்தாகளாக்கும். அம்புட்டுத்தானா? இது ஒரு பெரிய வித்தையா? நானும் உக்காந்திருப்பேனே. வாயத் தொறக்காம உக்காந்திருப்பேனே. அவ சொல்லியிருந்தா நான் அப்படியே... சரி விடு.

கையக் குடு, எந்திரிக்கேன். முட்டி பிடிச்சுக்கிட்டு. நீயும் இங்கதானே எறங்கணும்? உன் ரூமு எந்தப் பக்கம்? தெக்கு ரத வீதியா. நாத்தனாரு வீடு வடக்க, நடக்குத தூரந்தான். தாயி, உனக்கு அவசர சோலி ஒண்ணும் இல்லன்னா, எங்கூட அந்த வாசல் வரைக்கும் வாரியா? உள்ள வர வேண்டாம். ஒரு நிமிசம் நின்னாப் போதும். அசல் ஆளு நின்னா அவ உள்ள போய்க் கதவச் சாத்திக்கிட மாட்டா, மரியாதை தெரிஞ்ச பிள்ளை. யாருன்னு கேட்டா எனக்கு வேண்டப்பட்ட பிள்ளைன்னு சொல்லிக்கிடுதேன்.

உன் பேரு மட்டும் சொல்லிரு. இம்புட்டு நேரம் கேக்கவே இல்ல பாரு நான்.